ரெஹாலில் ஏறிய நாவல்

அந்த வருஷம் கோடை முடிவதற்குள் நான் மூன்று புத்தகங்களைப் படித்து முடித்திருந்தேன். மூன்றுமே என் நிம்மதியைக் கெடுத்தவை.

முதலாவது துப்பறியும் நாவல். கொலை செய்தவன் யாரென்று எனக்கு மூன்றாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டது. அதை எழுதியவருக்கு மட்டும் கடைசி அத்தியாயம் வரை தெரியவில்லை. அவ்வளவு மட்டமான கதைதான். ஆனாலும் அதைப் படித்த வாரம் முழுவதும் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். மட்டமான கதையைப் படித்தால் பயம் வராது என்பதெல்லாம் சும்மா பேச்சு.

இரண்டாவது வீட்டு வைத்தியப் புத்தகம். அதை ஒருவர் கதைப் புத்தகம் போல முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிக்கக் கூடாது. நான் படித்தேன். அஜீரணம் என்ற தலைப்பில் ஆரம்பித்த எனக்கு, இருதயம் என்ற தலைப்புக்கு வந்தபோது அதுவரை சொன்ன எல்லா வியாதியும் இருந்தது. ஜோலார்பேட்டையில் ரயில்வே கார்டாக இருந்த என் அண்ணன் என்னைப் பார்க்க வந்தபோது என் நாடியை நானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "ஆம்பளைங்களுக்கு வர்ற வியாதி மட்டுந்தான் உனக்கு பாக்கி" என்றார். புத்தகங்களை எனக்குக் கொண்டுவந்து கொடுப்பவர் அவர்தான். பயணிகள் வண்டியிலேயே விட்டுவிட்டுப் போய், பிறகு யாரும் கேட்டு வராத புத்தகங்கள். அதனால் எனக்குக் கிடைப்பதில் பாதிக்கு அட்டை இருக்காது, சிலவற்றுக்கு முடிவு இருக்காது.

அந்த வைத்தியப் புத்தகத்தில் கர்ப்பிணிகளைப் பற்றிய பகுதியை மட்டும் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. படித்ததற்குக் காரணம் வேறொருத்தி.

ஆம்பூரில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் ஆசிரியை. பள்ளி விட்டதும், வாரத்தில் சில நாள், ஒரு தோல் வியாபாரியின் வீட்டுக்குப் போவேன். அந்த வீட்டின் இளைய மருமகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுப்பது வேலை. அவள் வாலாஜாபேட்டைப் பக்கத்துப் பெண். பிறந்த வீட்டில் தமிழ் பேசுவார்கள். வந்த வீட்டிலோ தங்களுக்குள் உருதுதான். பேச்சுத் துணையில்லாமல் அவள் வாடிப்போவதைப் பார்த்து அவள் புருஷன்தான் இந்த ஏற்பாட்டைச் செய்திருந்தார். அவரை நான் பார்த்ததில்லை. சாயங்காலம் தோல்ஷாப்பிலிருந்து சாயா குடிக்க வருவார். நடையில் செருப்புச் சத்தம் கேட்கும், தோல் பதனிடும் ஆவாரம்பட்டையின் வாசனை வரும், நாங்கள் இருந்த அறையின் திரை லேசாக ஆடும். அவ்வளவுதான் எனக்கு அவரைத் தெரியும்.

அவளுக்குப் பதினேழு வயது, முதல் கர்ப்பம். சின்ன வயதிலேயே அரபு எழுத்து படித்தவளாதலால் எழுத்தின் மேல் பயமில்லை. ஆனால் தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் வாசிப்பாள். கொஞ்ச நேரம் பாடம் நடக்கும். மிச்ச நேரம் நான் அவளுக்குக் கதை படித்துக்காட்டுவேன். அப்படித்தான் மூன்றாவது புத்தகம் அந்த வீட்டுக்குள் போனது. இரண்டு பாகமாக அச்சிட்ட பெரிய நாவல். அண்ணன் கொண்டுவந்தது முதல் பாகம் மட்டும்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மருமகளுக்கு ஏழாம் மாதம் பிறந்தால், பிரசவம் சுகமாக ஆகவேண்டும் என்று நேர்ந்துகொண்டு ஒரு கிஸ்ஸா படிக்க வைப்பார்கள். பொறுமையோடு கஷ்டப்பட்டு கடைசியில் நன்மை அடைந்த, பீபி என்று அழைக்கப்படும் புண்ணியவதி ஒருத்தியின் கதையாக இருக்கும். புத்தகத்தை ரெஹால் என்கிற மடக்குப் பலகையின் மேல் விரித்து, சாம்பிராணி போட்டு, பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். ஆரம்பித்ததை நடுவில் நிறுத்தக் கூடாது. முடிகிற வரை புத்தகம் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. முடிந்த அன்று சர்க்கரை பங்கிடுவார்கள். வழக்கமாக வந்து படிக்கும் அம்மாள் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போன இடத்தில் படுத்த படுக்கையாகிவிட்டார்.

ஒரு நாள் நான் நாவலைப் படித்துக்கொண்டிருந்தபோது மாமியார் கதவோரம் வந்து நின்றார். கதாநாயகியைப் புகுந்த வீட்டார் துரத்திவிட, அவள் ஒரு வார்த்தை பேசாமல் மழையில் நடந்துபோகிற இடம். மாமியாருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, கேட்டால் புரியும். நின்றபடியே கடைசி வரை கேட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். மறு தடவை நான் போனபோது அறையில் ரெஹால் இருந்தது, சாம்பிராணிப் புகை இருந்தது.

"அம்மா, இது கிஸ்ஸா இல்லீங்க" என்றேன். "மெட்ராஸ்ல யாரோ ஒருத்தர் எழுதின கதை."

"கிஸ்ஸாவும் யாரோ எழுதனதுதான் டீச்சரம்மா. அந்தப் பொண்ணு படற பாடும் அவ பொறுமையும் எங்க பீபிங்க மாதிரியே இருக்குது. நான் மன்னத் வெச்சிட்டேன். நீங்க நல்லபடியா முடிச்சிக் குடுங்க."

வாயைத் திறந்து மறுத்திருக்கலாம். ஆனால் அந்த மாமியாரின் ஒரே மகள், தலைப்பிரசவத்தில், அதே அறையில் இறந்துபோனவள். மருமகள் எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, உங்கள் நேர்ச்சை செல்லாது என்று சொல்ல என்னால் ஆகவில்லை. கதாநாயகி இவ்வளவு பொறுமைசாலியாக இருக்கிறாளே, கடைசியில் நன்றாகத்தான் இருப்பாள் என்று நானும் நம்பினேன்.

இரண்டாம் பாகத்தை மெட்ராஸுக்கு எழுதி வி.பி.பி. தபாலில் வரவழைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் உட்கார்ந்து, விளக்கு வைப்பதற்குள் முடித்தேன். கதாநாயகி பிரசவத்தில் செத்துப்போகிறாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் குறைத்துச் சொல்ல மனமில்லை. நம் நாவலாசிரியர்கள் ஒரு பெண்ணுக்கு எல்லாக் கஷ்டத்தையும் கொடுப்பார்கள். கஷ்டம் தீர்ந்து அவள் சந்தோஷமாக உட்காரவேண்டிய நேரம் வந்தால் அவளை என்ன செய்வதென்று தெரியாது, கொன்றுவிடுவார்கள். இவர் அவள் சாவுக்கு மூன்று பக்கம் கொடுத்திருந்தார், புருஷனின் அழுகைக்கு ஒரு முழு அத்தியாயம். தமிழ் அழகான தமிழ், அதில் குறை சொல்ல முடியாது. அழகாக இருந்ததால்தான் அந்தச் சாவு உண்மை போல இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு அதே யோசனை. இரண்டாம் பாகம் வரவில்லை என்று சொல்லலாமா? அப்படியானால் நேர்ச்சை நடுவில் நின்றதாகும், அது அதைவிடக் கெட்டது. கடைசிப் பக்கங்களைக் கிழித்துவிடலாமா? புத்தகத்தைக் கிழிக்கிற கை எனக்கு இல்லை. வழியில் யோசித்துக்கொள்ளலாம் என்று புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். வாசல் தாண்டியதும் மாமியார் என் கையிலிருந்து அதை வாங்கி, கண்ணில் ஒற்றி, ரெஹாலில் வைத்துப் பச்சைத் துணியால் மூடிவிட்டார். அதோடு அது என் கையைவிட்டுப் போனது.

இதற்கு நடுவில் அந்தப் பெண்ணின் கால்கள் வீங்க ஆரம்பித்தன. முதலில் கணுக்கால், பிறகு புறங்கை. கொலுசைக் கழற்றி வைத்துவிட்டாள். தலைவலி என்று சுவரில் சாய்ந்துகொண்டுதான் கதை கேட்டாள். வைத்தியப் புத்தகத்தில் இந்த இரண்டையும் சேர்த்து எழுதி, அதன் கீழே வலிப்பு வரும், உடனே டாக்டரிடம் காட்டவேண்டும் என்று அச்சிட்டிருந்தது. எனக்கு இல்லாத வியாதியையெல்லாம் இருப்பதாக நினைத்தவள் நான். ஆகவே என் பயத்தை நானே நம்பாமல் சில நாள் கழித்தேன். பிறகு ஒரு நாள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்த மாமியாரிடம் சொல்லிவிட்டேன். வேலூரில் பெண் டாக்டர்கள் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஒரு தரம் கூட்டிப்போய்க் காட்டினால் நல்லது என்றேன்.

"மொத புள்ளன்னா கால் வீங்கத்தான் செய்யும். மருத்துவச்சி பாத்துட்டுதான் போனா" என்றார். "எங்க வீட்டுப் பொம்பளைங்க ஆஸ்பத்திரிக்கெல்லாம் போனதில்ல டீச்சரம்மா. அங்க எவன் எவனோ வருவான். நீங்க பேஜார் பண்ணிக்காதீங்க. கிஸ்ஸா முடியட்டும், எல்லாம் நல்லா ஆய்டும்."

ஆகக்கூடி எல்லாப் பாரமும் அந்த நாவலின் தலையில் ஏறிவிட்டது. நான் படிப்பதை மெதுவாக்கினேன். ஆசிரியர் மலையை வர்ணித்தால் நானும் கூட நாலு வரி சேர்த்தேன். ஒரு தரம் ஏற்கெனவே படித்த மலையையே மறுபடி படித்தபோது மாமியார், "டீச்சரம்மா, இந்த மலைய அன்னிக்கே ஏறி எறங்கிட்டோமே" என்றார். அந்தப் பெண் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டாம் மாதம் முடியப்போகிறது, கதையிலும் மிச்சமிருப்பது கொஞ்சம்தான்.

கடைசி நாளன்று அறை நிறையப் பெண்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள், உறவுக்காரர்கள். சர்க்கரைத் தட்டு தயாராக இருந்தது. நான் கதாநாயகிக்கு வலி எடுக்கிற பக்கத்துக்கு வந்தேன். என் கண் முன்னால் "பிராணன் பிரிந்தது" என்று அச்சாகியிருக்கிறது. என் வாய் வேறு சொல்கிறது. கண் ஒன்றைப் பார்க்க வாய் இன்னொன்றைப் படிப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நாக்கு அச்செழுத்தின் பக்கமே இழுத்தது. விரலை வேறு வரியில் வைத்துக்கொண்டு படித்தேன்.

"நாயகியின் கால்கள் வீங்கியிருப்பதைக் கண்ட அவள் மாமியார், தாமதியாமல் அவளை ரயிலேற்றி அழைத்துச் சென்றார்" என்று படித்தேன். அந்த ஆசிரியரின் நடையிலேயே படித்தேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. காட்பாடியில் அவர்களை இறக்கினேன். பெட்டி வண்டியில் திரை போட்டு வேலூருக்குக் கொண்டுபோனேன். பெண் டாக்டர் ஒருத்தியை வரவழைத்தேன். வைத்தியப் புத்தகத்திலிருந்து உப்பில்லாத கஞ்சியும் படுக்கையும் எடுத்துக் கொடுத்தேன். ஒரு குழந்தை பிறந்தது, தாயும் பிழைத்தாள்.

மாமியார் நடுவில் ஒரே ஒரு தரம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்த ஆஸ்பத்திரியில பர்தா இருந்துச்சா?"

"பொம்பளை டாக்டருங்க மட்டுந்தாம்மா. ஆம்பளைங்க யாரும் உள்ள வர்றதில்லன்னு எழுதியிருக்குது" என்று ஆசிரியர் எழுதாத வரியைக் காட்டினேன்.

அவர் தலையை ஆட்டினார். கதை முடிந்து சர்க்கரை பங்கிடும்போதே வேலைக்காரியைக் கூப்பிட்டு, மகனை இன்றைக்குச் சீக்கிரம் வரச்சொல் என்றார். வேலூரில் அவர்களுக்குச் சொந்தக்காரர் வீடு உண்டு. மருமகளை அங்கே கூட்டிப்போய் வைத்துக்கொண்டு, அந்த ஆஸ்பத்திரியில் காட்டுவது என்று அன்றே முடிவாயிற்று. நான் சொல்லிக் கேட்காதவர் நாவல் சொல்லிக் கேட்டார். அதற்காக எனக்கு வருத்தமும் இல்லை, வெட்கமும் இல்லை. பொய்யை அச்சிட்டு விற்பவர்களுக்கு மட்டும்தான் அந்த உரிமையா?

பெண்கள் கலைந்தார்கள். மாமியார் சர்க்கரையை எடுத்துக்கொண்டு தெருவில் கொடுக்கப் போனார். அறையில் நாங்கள் இருவர் மட்டும். தப்பித்தோம் என்று உட்கார்ந்திருந்தேன். அவள் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, நான் விரலால் மறைத்த வரியில் தன் விரலை வைத்தாள்.

"பி, ரா, ண, ன். பிராணன்னா உசிர்தானே டீச்சரம்மா?"

"ஆமா."

"அப்ப அவ செத்துட்டா."

 எப்போது படித்தாய் என்று கேட்டேன்.

"போன வாரம். மாமி தொழும்போதெல்லாம் துணிய எடுத்துட்டுப் பாப்பேன். ஒவ்வொரு எழுத்தா கூட்டிக் கூட்டி. இன்னிக்கு மாமிக்காகத்தான் நீங்க மாத்திப் படிக்கிறீங்கன்னு தெரிஞ்சிச்சி. அதான் சும்மா இருந்தேன்."

நான் சொல்லிக்கொடுத்த எழுத்தைக் கொண்டு அவள் முதன்முதலாகத் தானே படித்த பக்கம் அது. ஒரு ஆசிரியைக்கு இதைவிட என்ன தண்டனை வேண்டும்.

"பயந்துட்டியா?" என்றேன்.

"பயந்தேன். அப்பறம் இன்னொன்ன தேடனேன். அந்தக் கொழந்த இன்னா ஆச்சி டீச்சரம்மா? எவ்ளோ தேடியும் காணோம்."

நான் புத்தகத்தை வாங்கித் திருப்பினேன். மகனைப் பெற்றாள் என்று ஒரு இடத்தில் இருந்தது. அதன்பிறகு ஒரு அத்தியாயம் முழுக்க அவள் புருஷன் அழுகிறான், நிலவைப் பார்த்துப் பேசுகிறான், சமாதி கட்டுகிறான். குழந்தையைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதைப் படித்தேன், ஆத்திரப்பட்டேன், ஆசிரியரைத் திட்டினேன். தாயை எப்படிக் காப்பாற்றுவது என்றே நினைத்துக்கொண்டிருந்த எனக்குக் குழந்தை காணாமல் போனது கண்ணில் படவே இல்லை. எழுத்துக்கூட்டிப் படித்தவளுக்குப் பட்டது.

"அத எழுதலம்மா" என்றேன்.

"நீங்க சொல்லுங்க. மாமிக்குச் சொன்னீங்களே, அந்த மாதிரி."

நான் சொன்னேன். பக்கத்து வீட்டில் ஒருத்தி பால் கொடுத்தாள், குழந்தை நன்றாக வளர்ந்தது என்றேன். அவள் விடவில்லை.

"அவரு மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டாரா?"

"பண்ணிக்கிட்டார்."

"வந்தவங்க நல்லவங்களா?"

நான் படித்த நாவல்களில் நல்ல சிற்றன்னை ஒருத்தியைக்கூடப் பார்த்ததில்லை. "ரொம்ப நல்லவங்க. தன் வயித்துப் புள்ள மாதிரி பாத்துக்கிட்டாங்க" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் வீங்கிய தன் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நாளைக்கு ஷாப்புலேருந்து அவங்க சாயா குடிக்க வருவாங்க இல்ல, அந்த நேரத்துல இதப் படிங்க டீச்சரம்மா. கொஞ்சம் சத்தமாப் படிங்க" என்றாள்.

மறுநாள் என் முறை இல்லை. ஆனாலும் போனேன்.  இரண்டு நாளில் அவர்கள் வேலூருக்குக் கிளம்புவதாக இருந்தது. அவள் பிழைத்து வருவாள் என்று அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது. மாமியார் அஸர் தொழுகைக்கு உள்ளே போனார். நடையில் செருப்புச் சத்தம் வந்தது, பட்டை வாசனை வந்தது, சாயாக் கோப்பை வைக்கிற சத்தமும் கேட்டது. அவள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் புத்தகத்தை விரித்து, அதில் இல்லாததைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். தாய் இறந்தாள். பால் கொடுக்க ஒருத்தி வந்தாள். தகப்பன் ஒரு நல்ல பெண்ணாகத் தேடி மறுமணம் செய்துகொண்டான். அவள் அந்தக் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாள்.

கோப்பை வைத்த சத்தத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் வேறு சத்தமே இல்லை. நான் படித்துக்கொண்டே போனேன்.

"டீச்சரம்மா."

அத்தனை மாதத்தில் அந்தக் குரலை அன்றுதான் கேட்டேன். படிப்பதை நிறுத்தினேன்.

"அம்மா சொன்ன கதையில அந்தப் பொண்ணு பொழச்சிக்கிட்டா."

"ஆமாங்க" என்றேன். 

"இதுல செத்துட்டா. சரி. கதைதானே."  குரல் திரைக்கு அருகில் வந்தது. "அந்த ஆளு இன்னாத்துக்கு இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிட்டான்? அத எடுத்துடுங்க. புள்ளைய அவனே வளத்தான்னு படிங்க."

கதாநாயகி செத்த பக்கத்தைத் தனியாக எழுத்துக்கூட்டிப் படித்தபோது அழாதவள், அப்போது துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் திரைக்கு அப்பால் போகக் கூடாதென்று என் கையைப் பிடித்து, படியுங்கள் என்று அழுத்தினாள். நான் இரண்டு பக்கம் பின்னால் புரட்டி, அவர் சொன்னபடியே முதலிலிருந்து படித்தேன்.  சாயா ஆறிப்போச்சு என்று வேலைக்காரி வந்து சொல்கிற வரை அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.